நர்ஸம்மாவைக் கூப்பிட்டது யார்

செய்தி எனக்குக் காலை பஸ்ஸில்தான் கிடைத்தது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரும் டவுன் பஸ்ஸில் வழியில் ஏறிய கன்னியம்மா, உப்பளத்து வேலைக்காரர், கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்தார். "டீச்சர், விஷயம் தெரியுமா? நம்ம நர்ஸம்மா பூட்டாங்களாம். நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்களாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சிடுச்சாம்."

"எந்த நர்ஸம்மா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த நர்ஸம்மா ஒருவர்தான். கன்னியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா டீச்சர், நம்ம ரெஜினாம்மாதான்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கினேன், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன், முதல் பாடவேளை எடுத்தேன், இரண்டாவதும் எடுத்தேன். மூன்றாவது பாடவேளைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் உடனே போகவில்லை என்று கேட்டால் என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்கிறது. பயமாக இருந்தது.

அவருடைய கணவர் ஆரோக்கியசாமி அண்ணனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். அன்றைக்கு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டா டீச்சர். யாரும் கூப்பிடாம உங்க ஸ்கூலுக்குப் போயி அந்தப் பேச்சப் பேசி மாட்டிக்கினா. டிரான்ஸ்ஃபர்னு கிளியனூர் பக்கம் தூக்கிப் போட்டாங்க. டெய்லி ரெண்டு பஸ் மாறிப் போயி போயி உடம்பக் கெடுத்துக்கினா. யாரு இவள அங்க போவச் சொன்னது?"

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "நீங்க நல்லா எழுதுவீங்க. அவளோட பழகனவங்க. ரெண்டு பக்கம் போதும்" என்றார். அண்ணே, இரண்டு பக்கத்தில் முடியாது. உங்கள் கேள்விக்குப் பதில் என்னிடம்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்ல வார்த்தை நான்கு எழுதிக் கொடுத்தால், அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

ரெஜினா நர்ஸம்மாவோடு என் பழக்கம் அவரிடம் திட்டு வாங்கியதில்தான் தொடங்கியது. மாணவிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்க எங்கள் பள்ளிக்கு வருவார். மொபெட்டை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு, ரெக்ஸின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வகுப்பு முடியட்டும் என்று வராந்தாவில் நிற்பார். அன்றைக்குப் பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். செம்பருத்திப் பூவை அறுத்துக் காட்டி, மகரந்தம், சூலகம் என்று மூன்று நாளாக விரிவாக நடத்தியிருந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் மனிதன். "இது ஈஸிதான், வீட்டுல படிச்சிக்கங்க. படம் மட்டும் வரைஞ்சு பழகுங்க" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். பதினாறு வருஷமாக அப்படித்தான் மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு நடத்திய டீச்சரும் அப்படித்தான் மூடினார். வெளியே வந்ததும் நர்ஸம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏன் டீச்சர், பூவுக்கு மூணு நாளு, மனுஷனுக்கு அர நிமிஷமா?"

எனக்குக் கோபம் வந்தது. நாற்பத்தைந்து பிள்ளைகள், ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பு, நீங்கள் வந்து நடத்திப் பாருங்கள் என்றேன். "கூப்பிடுங்க, வர்றேன்" என்றார். அப்போது நான் கூப்பிடவில்லை. ஆனால் அவரோடு பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

உப்பளத்தில் நடந்ததைச் சொன்னால்தான் அவரை அறியாதவர்களுக்கும் அவர் யாரென்று புரியும். துணை சுகாதார நிலையத்து வராந்தாவில் ஒரு மரப்பெட்டி இருந்தது. ஆணுறைகளை அதில் போட்டு வைப்பார்கள். யார் கண்ணிலும் படாமல் எடுத்துக்கொண்டு போகலாம். பல மாதம் யாரும் தொடாத பெட்டி. சுனாமிக்கு முந்தைய கோடையில் அது திடீரென்று வாரா வாரம் காலியானது. வட்டாரக் கூட்டத்தில் பெரிய அதிகாரி அவரை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டி, கைதட்டச் சொன்னாராம். நர்ஸம்மாவுக்குக் கைதட்டல் பிடிக்கும், மறைக்க மாட்டார். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. "நம்ம ஊரு ஆம்பளைங்க ஒரே மாசத்துல திருந்திட்டாங்கன்னு நான் நம்பணுமா?" என்றவர், ஒரு சனிக்கிழமை காலை என்னையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு உப்பளத்துக்கு வண்டியை விட்டார்.

பாத்திகளில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாவின் கையைப் பார்த்தோம். மூன்று விரல்களில் அந்த ஆணுறையை மாட்டி, அடியில் நூல் கட்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அப்படியே. உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் கையெல்லாம் வெடிப்பு. அதில் அந்தத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. "துணி சுத்தினா நனைஞ்சிடுது நர்ஸம்மா. இது போட்டா எரியல. யாரு கண்டுபிடிச்சாங்களோ, மகராசன், நல்லா இருக்கணும்" என்றார் கன்னியம்மா. நர்ஸம்மா வரப்பில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். "அது எதுக்குன்னு தெரியுமா, தெரியாதா?" எல்லோரும் கன்னியம்மாவைப் பார்த்தார்கள். அவர்தான் சொன்னார். "தெரியாம இன்னா? நாலு புள்ள பெத்தாச்சு. இத வூட்டுக்காரருகிட்ட எப்பிடி நீட்டறது, சொல்லுங்க. எங்கேர்ந்து எடுத்துக்கினு வந்தேன்னு கேப்பாரு. கைக்குன்னா தைரியமா எடுத்தாறலாம்."

அடுத்த வாரம் நர்ஸம்மா அவர்களுக்குக் களிம்பும், தண்ணீர் புகாத பிளாஸ்டரும், நாலைந்து ஜோடி ரப்பர் கையுறையும் எங்கேயோ கெஞ்சி வாங்கிக்கொண்டு போனார். பெட்டியை மூடவில்லை. தானே கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார். "கைக்கு எத்தினி, வூட்டுக்கு எத்தினி?" என்று கேட்பார். காய்கறி வாங்குவதுபோல அவர்களும் பதில் சொன்னார்கள். முதலில் எல்லோருக்கும் கைக்குத்தான் வேண்டியிருந்தது. மழைக்காலம் வந்து உப்பு வேலை நின்றபிறகும் இரண்டு பேர் வந்து கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது நர்ஸம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதிகாரியிடமும் போய் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். கைதட்டல் போனது, திட்டு கிடைத்தது. "ஏங்க சொன்னீங்க? அப்படியே விட்டிருக்கலாமே" என்று கேட்டேன். "தெரிஞ்சிக்கிட்டே பொய் சொல்ல எனக்கு வராது டீச்சர். நாக்கு குழறிடும்" என்றார்.

அந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. நர்ஸம்மா வாரக்கணக்கில் முகாமிலேயே கிடந்தார். அங்கே ஒரு பெண் அவரைத் தேடி வந்தாராம். இரண்டு பிள்ளைகள் போதும் என்று நர்ஸம்மாதான் அவரை அழைத்துப்போய்க் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்யவைத்திருந்தார். இரண்டு பிள்ளைகளும் இப்போது இல்லை. "நீதான கூட்டிக்கினு போன, நீயே அத அவுத்து வுடு" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். ஆபரேஷனை மாற்றிச் செய்ய ஏற்பாடு நடந்தது, அது வேறு விஷயம். நர்ஸம்மா அதன்பிறகு பழைய ஆளாக இல்லை. ஒருநாள் எங்கள் பள்ளி வேப்ப மரத்தடியில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பொண்ணுக்கு நான் எல்லாத்தையும் சொல்லி அவ புரிஞ்சி ஒத்துக்கிட்டாளா, நான் சொன்னேன்னு தலையாட்டினாளான்னு இப்ப எனக்கே தெரியல. கல்யாணம் ஆயி, புள்ள பொறந்த பிறகு போயி நாம பேசறோம். அதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும் டீச்சர். அவங்க உடம்பு, அவங்கதான் யோசிக்கணும்."

தலையாட்டினேன். அதோடு சரி. இந்த ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோம். சுவர் முழுக்க எய்ட்ஸ் விளம்பரம் எழுதியிருக்கிறது, அதன் கீழே நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம். டிவியில் அதே விளம்பரம் வந்தால் ரிமோட்டைத் தேடுகிறோம். கடைக்காரர் நாப்கினை நியூஸ் பேப்பரில் சுற்றி, அதன்மேல் கறுப்புப் பையும் போட்டுக் கொடுக்கிறார். நானும் அப்படித்தான் வாங்குகிறேன். அறிவியல் டீச்சர்!

என்னை அசைத்தது ஒரு மாணவி. பேர் வேண்டாம், இப்போது நல்லபடியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிற பெண். சில நாளாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் தன் நோட்டுகளையெல்லாம் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் பயந்துபோய் என்னிடம் ஓடிவந்தாள். ஆய்வகத்தில் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பையன் கையைப் பிடித்துவிட்டானாம். அந்த மாதம் அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. தன் வயிற்றில் குழந்தை இருக்கிறது, அப்பா முகத்தில் இனி விழிக்க முடியாது, உயிரோடு இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். கையைப் பிடித்ததற்கு. செம்பருத்தியின் சூலகத்தைப் பிழையில்லாமல் வரைந்து பாகம் குறிக்கிற பெண் அவள்.

ஆட்டோ பிடித்து நர்ஸம்மாவிடம் கூட்டிப்போனேன். அரை மணி நேரம் உள்ளே பேசினார்கள். வெளியே வரும்போது அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் குறைவு, சரியாகச் சாப்பிடுவதில்லை, வேறொன்றும் இல்லை. மாத்திரை கொடுத்து, கேழ்வரகுக் கூழ் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு நர்ஸம்மா என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் புள்ள மேல எந்தத் தப்பும் இல்ல டீச்சர். நீங்க நடத்தாம வுட்ட பாடம் அது."

அன்று மாலை பள்ளியின் தாளில் என் கையால் கடிதம் எழுதினேன். வரும் சனிக்கிழமை பத்தாம் வகுப்பு மாணவ மாணவியருக்கு வளரிளம் பருவம் பற்றி வகுப்பெடுக்க வருமாறு அழைத்து, கீழே மல்லிகா, அறிவியல் ஆசிரியை என்று கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியர் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெண்களுக்கு மட்டும் போதுமே என்று நர்ஸம்மாவிடம் கேட்டுப்பார்த்தேன். "பொண்ணுங்களுக்கு மட்டும் சொன்னா பயந்துக்கத்தான் செய்வாங்க. பையனுங்களும் உக்காரட்டும்" என்றார்.

அந்த வகுப்பைப் போல ஒன்றை நான் இதுவரை எடுத்ததில்லை. பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். "சிரிச்சி முடிங்கப்பா, நான் நிக்கிறேன்" என்று சாக்பீஸோடு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். சிரிப்பு தானாக அடங்கியது. பெரியவர்களாவது என்றால் என்ன, கரு எப்படி உண்டாகிறது, எப்படி உண்டாகாது, யாராவது தப்பாகத் தொட்டால் யாரிடம் சொல்வது, கருத்தடை என்றால் என்ன, ஒன்றையும் விடவில்லை. ஆணுறைப் பாக்கெட்டை எடுத்துக் காட்டி, இது நோயையும் தடுக்கும், கருவையும் தடுக்கும், கல்யாணம் ஆகிப் பெரியவர்களாகும்போது வெட்கப்படாமல் நினைவு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பேர் போடாமல் சீட்டில் கேள்வி எழுதச் சொன்னார். தூரமானவர்கள் தொட்டால் ஊறுகாய் கெட்டுப்போகுமா என்று ஒரு சீட்டு. "மூடாம வெச்சா யாரு தொட்டாலும் கெட்டுப்போவும்" என்றார். பெண்களுக்கு வயிறு வலிக்கும்போது பையன்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவன் எழுதியிருந்தான். "கிண்டல் பண்ணாம இருந்தா போதும் ராசா" என்றார். அவன் யாரென்று தெரிந்தால் அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு.

திங்கட்கிழமை ஏழெட்டுப் பேர் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் ஒரு மாணவியின் தகப்பனார். அவருடைய பெண்ணுக்குப் பத்து நாளுக்கு முன்னால்தான் மஞ்சள் நீராட்டு விழா நடந்திருந்தது. மூன்று நாள் மைக் செட், சீர்வரிசைத் தட்டு ஊர்வலம், மெயின் ரோட்டில் பெண்ணின் படம் போட்ட பெரிய டிஜிட்டல் பேனர். "வயசுப் பொண்ணுங்க முன்னாடி அந்தக் கருமத்தப் பிரிச்சிக் காட்னாளாமே! இது ஸ்கூலா, இன்னாது?" என்று கத்தினார். நர்ஸம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். அவர் அமைதியாகவே கேட்டார். "அண்ணே, உங்க பொண்ணு பெரியவளானத மைக்குல ஊருக்கே சொன்னீங்க. பேனர் வெச்சீங்க. நானும் வந்து சாப்ட்டேன். அப்பிடின்னா இன்னான்னு அவளுக்கு மட்டும் யாரும் சொல்லக் கூடாதா?"

அவர் இன்னும் சத்தமாகக் கத்தினார். பதில் இல்லாதபோது குரல்தான் உயரும். விடுப்பு முடிந்து வந்திருந்த தலைமையாசிரியர் மேசையைத் தட்டினார். "மொதல்ல இவங்கள யாரு கூப்பிட்டது? யாரு பர்மிஷன் குடுத்தது?" என்று எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். சுவரில் கால அட்டவணை மாட்டியிருந்தது. அதைப் படித்தேன். செவ்வாய், மூன்றாம் பாடவேளை, அறிவியல். என் வேலை, கடன் வாங்கிக் கட்டிய வீடு, அடுத்த வருஷம் கல்யாணத்துக்கு நிற்கும் என் மகள், ஊர் என்ன பேசும், எல்லாம் மனதில் ஓடியது. நர்ஸம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. "யாரும் கூப்பிடல சார். மாத்திர குடுக்க வந்தேன். நானாத்தான் பேசினேன்" என்றார். நாக்கு குழறவில்லை.

மாற்றல் உத்தரவு வந்தபிறகு இருட்டும் நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். சாமான் கட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன், மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் அழ ஆரம்பித்ததும், "அந்த லெட்டரக் கிழிச்சிட்டேன், கவலைப்படாதீங்க" என்றார். நான் அதற்காக அழவில்லை. அல்லது அதற்காகவும்தான் அழுதேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "நான் எங்க போனாலும் ஊசி போடுவேன். நீங்க இங்க இருந்தாத்தான் அந்தப் பாடத்த நடத்த முடியும். அடுத்த வருஷம் நடத்துங்க. எனக்கு அது போதும்" என்றார்.

அடுத்த வருஷம் நடத்தினேன், பாதி. கரும்பலகையைப் பார்த்தபடியே படம் வரைந்து, பாகங்களைச் சொல்லி, மாதவிடாய்வரை வந்தேன். கருத்தடை என்ற தலைப்பு வந்ததும் மணியடித்தது. மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். நர்ஸம்மா ஒருமுறை போன் செய்து, "நடத்தினீங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். "நடத்திட்டேங்க" என்றேன். "முழுசாவா?" என்றார். "முழுசா" என்றேன். அவ்வளவு சந்தோஷப்பட்டார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அதன்பிறகும் இரண்டு தடவை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்து பதினேழு நாள் ஆகிறது. நாலு தாள் கிழித்தாகிவிட்டது. தியாகி, தொண்டுள்ளம், புன்னகை என்று எழுதிப் பார்த்தேன். அந்த வார்த்தைகளுக்கு நடுவில் நான் நன்றாக ஒளிந்துகொள்ள முடிகிறது. போன வியாழக்கிழமை வகுப்பில் அந்தத் தலைப்பைத் திரும்ப எடுத்தேன். பிள்ளைகளைப் பார்த்து நின்று, கருத்தடையில் தொடங்கிக் கடைசி வரிவரை நடத்தினேன். பின்வரிசை சிரித்தது. நின்றேன். வீட்டில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி என்ன நடந்தாலும் நடக்கட்டும். தலைமையாசிரியரும் இதைப் படிப்பார், அந்தத் தகப்பனாரும் படிப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால், புகைப்படம் இல்லை, பொருள் எதுவும் இல்லை. எனக்காக அவர் சொன்ன "யாரும் கூப்பிடல சார்" என்ற ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேலாகத் தூங்கிவிட்டேன். இனி முடியாது.

ஆரோக்கியசாமி அண்ணே, உங்கள் மனைவி கூப்பிடாத இடத்துக்குப் போகவில்லை. மல்லிகா என்ற நான் கடிதம் எழுதிக் கூப்பிட்டேன். கூப்பிட்டதால் வந்தார்.